பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள்

மே மாதத்தில் மலையில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும், ரோடெல்லாம் சுற்றுலா வண்டிகள், காட்டேஜிலும் ஹோட்டலிலும் வேலை பார்க்கிற அம்மாக்களுக்கு லீவு கிடையாது, வண்டி ஓட்டுகிற அப்பாக்கள் வீடு திரும்பவே நள்ளிரவு ஆகிவிடும். சரியாக அந்த சீசன் நடுவில்தான் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிறது. வந்த கையோடு ப்ளஸ் ஒன் அட்மிஷன். பிள்ளை எந்தக் குரூப், எந்தப் பள்ளி, விடுதியா வீட்டிலிருந்தா என்பதையெல்லாம் ஒரே சாயங்காலத்தில், மார்க்கையும் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த குரூப்பையும் மட்டும் பார்த்து முடிவு செய்கிற வீடுகள் கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் நிறைய.

நான் நீலகிரியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். பாடம் நடத்துவதோடு, மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. அந்த அனுபவத்தில் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளையோடும் கிளாஸ் டீச்சரோடும் உட்கார்ந்து, ப்ளஸ் டூ வரைக்கும் ஒரு திட்டம் போட்டுவிடுங்கள். பள்ளி வழியாகக் கிடைக்கிற உதவிகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகுப்பில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். அந்த வகுப்பைத் தாண்டி வந்து கேட்டால் ஹெச்.எம். நினைத்தாலும் எதுவும் செய்ய முடியாது.

என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் மட்டும்தான் எழுத முடியும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருஷத்தில் 48,000. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கானது, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும் (பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 5 சதவீதம் தளர்வு). எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற வீட்டுக்கு மாதம் ஆயிரம் என்பது பெரிய தொகை. இதை வாங்கத் தொடங்கியபிறகு கோட்டைவிடுகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும், பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் ப்ளஸ் ஒன்னில் தொடரும், அதிலும் பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 5 சதவீதம் தளர்வு. இது தெரியாமல் "பணம் ஏன் சார் நின்னுபோச்சு?" என்று ப்ளஸ் ஒன் நடுவில் வந்து கேட்பார்கள். தொகை நின்றபிறகு கேட்டுப் பயனில்லை, பத்தாம் வகுப்பு ஆரம்பிக்கும்போதே அந்த 60 சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாவார்கள். நகராட்சி எல்லைக்குள் படிக்கிறவர்கள் எழுத முடியாது. ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான் என்றாலும், பிற்பாடு வரப்போகிற போட்டித் தேர்வுகளுக்கு நல்ல பழக்கம் என்பதால் எழுத வைக்கிறேன். ப்ளஸ் ஒன்னில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருஷம், அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறவர்களுக்கான முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், அது பட்டப்படிப்பு வரை தொடரும். நான் பார்த்தவரை இவற்றில் தோற்றவர்களைவிட எழுதவே வராதவர்கள்தான் அதிகம். வருமானச் சான்று கைக்கு வரவில்லை, பேங்க் கணக்கு இல்லை, விண்ணப்பம் கொடுக்கிற வாரம் பிள்ளை லீவு, இப்படித்தான் போகிறது.

அடுத்தது நிறையப் பேரைப் பாதிக்கிற விஷயம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியதும், "இனிமே நல்ல ஸ்கூல்ல போடலாம்" என்று கடனை வாங்கிக் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ தனியார் பள்ளியில் சேர்க்கிற பழக்கம் நம் மலையில் இருக்கிறது. பிள்ளை மேலே உள்ள ஆசையால் செய்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரி போகும்போது மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கிடைக்கிற மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறு முதல் ப்ளஸ் டூ வரை என்கிற நிபந்தனை இருக்கிறது, அதில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். ப்ளஸ் ஒன்னுக்கு டி.சி. வாங்கித் தனியாருக்குப் போகிற அன்றே இவ்வளவும் போய்விடும். ரெண்டு வருஷ ஃபீஸைக் கட்டிவிட்டு, மெடிக்கல் கவுன்சலிங் சமயத்தில் "அவன் பத்து வரைக்கும் உங்க ஸ்கூல்தானே சார்" என்று கேட்கிற அப்பாவுக்கு என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்ட இட ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால் இந்தச் சலுகைகள் கிடைக்கும். அப்படி எட்டு முடிக்கிற பிள்ளை இருந்தால், ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்பதுதான் நீங்கள் எடுக்கப்போகிற பெரிய முடிவு.

சரி, குரூப் விஷயத்துக்கு வருவோம். சமவெளியில் ஒரு பள்ளியில் பயாலஜி இல்லையென்றால் அடுத்த பஸ் ஸ்டாப்பில் இன்னொரு பள்ளி இருக்கும். இங்கே அடுத்த மேல்நிலைப் பள்ளி வேறு மலைச்சரிவில் இருக்கும், கடைசி பஸ் போய்விட்டால் வீடு வர முடியாது. அதனால் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய குரூப்பை விட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளியில் எது இருக்கிறதோ அதை எடுக்கிறார்கள். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வந்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நர்ஸாகத்தான் போவேன் என்றிருந்தாள். பத்து முடித்ததும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் காமர்ஸில் சேர்த்துவிட்டார்கள். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, ப்ளஸ் டூ முடித்து எங்கள் பள்ளிக்கு வந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாயிற்று, மருத்துவம் சார்ந்த வேலைகள் இனி நம் ஊரிலேயே இருக்கும், அதற்கான குரூப் பக்கத்தில் இல்லை என்பதற்காக ஒரு பெண் அந்தக் கனவை விட வேண்டியிருப்பதை ஏற்கவே முடியவில்லை.

விடுதி என்கிற வழி அந்தக் குடும்பத்துக்குத் தோன்றவில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் துறைகளின் விடுதிகள் (இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர்) இருக்கின்றன. பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் வேண்டும் என்பது விதி, மாணவிகளுக்கு அந்தத் தூரக் கணக்கு கிடையாது. பழங்குடிப் பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளிகள் தனியாக இருக்கின்றன, எம்.பாலாடாவில் ஏகலைவா பள்ளி இருக்கிறது. மகளை விடுதியில் விட வீட்டில் தயங்குவது எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு சனிக்கிழமை போய் விடுதியைப் பாருங்கள், சாப்பாடு எப்படி, வார்டன் யார், ராத்திரி யார் இருப்பார்கள், இதையெல்லாம் நேரில் கேளுங்கள் என்கிறேன். மே மாத அவசரத்தில் அந்த நம்பிக்கை வராது.

எல்லோரும் ப்ளஸ் ஒன்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. கைவேலையில் கெட்டிக்காரனாக இருக்கிற பையனை ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்காரவைத்து ரெண்டு வருஷம் வாட்டுவதில் எனக்கு உடன்பாடே கிடையாது. பத்து முடித்து ஐ.டி.ஐ. போகலாம், இரண்டு வருஷப் பிரிவை முடித்து மொழித் தேர்வுகளையும் எழுதினால் ப்ளஸ் டூவுக்கு இணையான சான்று கிடைக்கும். பாலிடெக்னிக் போனால் டிப்ளமோ முடித்துப் பொறியியலில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம், ஊட்டியிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. இன்னொன்று, 2025-26 முதல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் அந்த வருஷத்தை ஓய்வாக எடுத்துக்கொள்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் ப்ளஸ் ஒன் பாடம் இருக்கிறது.

வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். வாயால் கேட்டால் அத்தனையும் சொல்வான், பேப்பரில் ஒரு பத்தி எழுத முடியாது, எழுத்தெல்லாம் இடம் மாறி விழும். "சோம்பேறி", "விளையாட்டுப் புத்தி" என்று ஒன்பதாம் வகுப்பு வரை திட்டு வாங்கியே வந்திருப்பான். அவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். மருத்துவச் சான்று இருந்தால் பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ பொதுத்தேர்வுகளில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம், சொல்வதை எழுதுபவர் கேட்கலாம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாம். பார்வை, செவித்திறன், கை கால் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இப்படிச் சலுகைகள் உண்டு. எல்லாமே தலைமை ஆசிரியர் வழியாகத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போய் அனுமதி வர வேண்டியவை. பந்தலூர்ப் பக்கமிருந்து ஊட்டி போய் டாக்டரைப் பார்த்துச் சான்று வாங்க எத்தனை நாள் கூலி போகும் என்று உங்களுக்கே தெரியும், மார்ச் தேர்வுக்கு ஜனவரியில் ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பு முதல் பருவத்திலேயே கிளாஸ் டீச்சரிடம் சொல்லுங்கள், வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பள்ளிக்கு வரச் சொல்லிப் பார்க்கலாம். என் பிள்ளைக்குக் குறை இருக்கிறதென்று ஊரில் பேசுவார்களே என்று மறைக்கிற பெற்றோரிடம் நான் கெஞ்சிக்கூடக் கேட்டிருக்கிறேன். சான்று வாங்கி, கூடுதல் நேரத்தில் எழுதி, பாஸாகி இன்று காலேஜ் போகிற பையன்கள் இருக்கிறார்கள்.

பெயரும் இனிஷியலும் சின்ன விஷயமாகத் தெரியும். ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, பள்ளி எமிஸ் (கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவு) பதிவேட்டில் இன்னொரு மாதிரி இருக்கும். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் (தேர்வு எழுதுகிறவர்கள் பட்டியல்) அனுப்புவதற்கு முன்னால் திருத்திவிடுங்கள், மார்க் ஷீட்டில் ஏறிவிட்டால் பிறகு அலைச்சல்தான். சாதிச் சான்றும் அப்படியே. பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் தருவார்கள், விசாரணை இருக்கும், நாள் பிடிக்கும். பணியர், காட்டுநாயக்கர், இருளர் வீட்டுப் பிள்ளைகள் சான்று இல்லாமல் கவுன்சலிங்கில் இடம் இழப்பதைப் பார்க்கும்போது வருகிற கோபத்தை அடக்குவது கஷ்டம். எட்டாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுங்கள், இழுத்தடித்தால் ஹெச்.எம்.மிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

அப்புறம் வருகைப்பதிவு. ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அடைமழை, அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிவு, யானை நிற்கிற வழியில் பிள்ளையை அனுப்ப முடியாது, சீசனில் பையன்கள் கடைக்கும் வண்டிக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். மழைக்கும் யானைக்கும் ஆசிரியர்கள் கோபப்பட மாட்டோம். ஒரு ஃபோன் செய்து சொன்னால் போதும், விட்டுப்போன பாடத்தை எப்போது முடிப்பது என்று பார்த்துக்கொள்வோம். யானை வழி தொடர்ந்து பிரச்சினை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுதிக் கொடுங்கள், வனத்துறையிடம் பேசவும் வண்டி கேட்கவும் அந்தத் தீர்மானம் கையில் இருந்தால் வலு. சொல்லாமலே வராமல் போகிற பிள்ளைதான் மெல்ல மெல்லப் பள்ளியைவிட்டே போய்விடுகிறது, அதுவும் ஒன்பதிலும் ப்ளஸ் ஒன்னிலும்.

வீட்டில் கல்யாணப் பேச்சு, வெளியே சொல்ல முடியாத தொந்தரவு, படிப்பு பயம், எதுவானாலும் பிள்ளைகள் நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடலாம். படிப்பு, உயர்கல்வி, மனக்கஷ்டம் பற்றிப் பேசக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. இரண்டு எண்ணையும் பிள்ளையின் நோட்டு அட்டையில் எழுதவைக்கிறேன்.

ஒரு பாடத்தில் போய்விட்டாலும் அந்த வருஷம் போய்விடாது. துணைத்தேர்வு அதே ஜூன், ஜூலையில் வந்துவிடும், பாஸானால் அந்த ஆண்டே ப்ளஸ் ஒன்னோ ஐ.டி.ஐ.யோ சேரலாம். ஆனால் விண்ணப்பிக்கத் தருகிற நாட்கள் மிகக் குறைவு. ரிசல்ட் பார்த்து மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை மறுநாள் காலையிலேயே பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சீசன் லீவாக இருந்தாலும் ஆபீஸில் ஆள் இருப்போம்.