ஃபுல்லர், வாக்கர், டக்கர்: மூவருக்கும் ஒரே வேலை

இங்கிலாந்தில் ஃபுல்லர், வாக்கர், டக்கர் என்ற மூன்று குடும்பப் பெயர்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே தொழில்தான். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இழைகளும் தளர்ந்து நிற்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரையும் பிசுக்கை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணையும் சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். பிசுக்கை எடுப்பது சிறுநீர் பழசாகும்போது உருவாகும் அம்மோனியா. மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, துணி தடிப்பாகும். 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நீர்ச்சக்கரத்தில் ஓடும் மரச் சம்மட்டிகள் இந்த மிதிக்கிற வேலைக்கு வரத் தொடங்கிவிட்டன, ஆனாலும் பழைய பெயர்கள் போகவில்லை. தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், வடக்கில் வாக்கர், டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். அதனால் இங்கிலாந்து மூதாதையரைத் தேடும்போது உங்கள் வம்சக் கிளையில் டக்கர் என்று ஒருவர் வந்தால், தேடலைத் தென்மேற்கில் தொடங்குவது நல்லது.

ஆனால் பெயரை வைத்து அவர் செய்த வேலையை முடிவு செய்துவிடாதீர்கள். ஏறக்குறைய 1250க்கும் 1400க்கும் இடையில் தெற்கில் முந்தியும் வடக்கில் பிந்தியும் குடும்பப் பெயர்கள் பரம்பரைப் பெயர்களாக நிலைத்துவிட்டன. அதற்கப்புறம் வாக்கர் மகன் கொல்லனாக இருந்தாலும் அவன் வாக்கர்தான். வெப்ஸ்டர், பாக்ஸ்டர் போன்ற பெயர்களின் கடைசி அசை முதலில் பெண்களுக்கானது என்பது உண்மை, ஆனால் இடைக்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஆண் நெசவாளரையும் ரொட்டி சுடுபவரையும் கூட அப்படியே அழைத்தார்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பி அந்த வேலை செய்த ஒரு பெண் மூதாதையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

உண்மையான தொழில் வேண்டுமென்றால் அது எழுதப்பட்ட பதிவுக்குத்தான் போக வேண்டும், அது ஏன் எழுதப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். 1379இல் ஆட்களைக் கணக்கிட்டுப் போட்ட தலைவரியில் சாதாரணத் தம்பதிக்கு 4 பென்ஸ், கைவினைஞருக்கு அதைவிடக் கூடுதல். தொகை அந்தஸ்தைப் பொறுத்தது என்பதால்தான் எழுத்தர்கள் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் குறித்தார்கள். அதுவும் லத்தீனில். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பழைய ரோமானிய லத்தீன் அகராதியைத் திறந்தால் 'கார்னிஃபெக்ஸ்' என்பதற்குத் தூக்கிலிடுபவர் என்று இருக்கும், இங்கிலாந்தின் பண்ணை நீதிமன்றச் சுருளில், அதாவது நிலப்பிரபுவின் உள்ளூர் நீதிமன்றப் பதிவேட்டில், அவர் பெரும்பாலும் வெறும் கசாப்புக்காரர். கையில் இருக்க வேண்டியது இடைக்கால லத்தீன் அகராதி.

1413இல் வந்த ஒரு சட்டம், வழக்குப் பத்திரங்களில் பிரதிவாதியின் தொழிலையோ அந்தஸ்தையோ, ஊரோடு சேர்த்து எழுதச் சொன்னது. ஒரே பெயரில் பலர் இருந்ததால் தப்பான ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நமக்கு அது பெரிய வரம், ஆனாலும் கவனம் வேண்டும்: ஒரே ஆளை ஒரு பத்திரம் 'யோமன்' என்றும் இன்னொன்று 'ஹஸ்பண்ட்மேன்' என்றும் சொல்லலாம். இரண்டும் நிலத்தில் உழைப்பவர்தான், முதலாவது ஒரு படி வசதியானவர். இரண்டு பேர் என்று பிரித்து எழுதுவதற்கு முன் ஊரையும் ஆண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.