"ஜெபம் வரல" என்கிறவர்களுக்கு

சென்னை ஆஸ்பத்திரிகளில் கேன்சர் வார்டுக்கும் டயாலிசிஸ் பிரிவுக்கும் ஆலோசனை சொல்லப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "எனக்கு ஜெபமே வரலீங்க." ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொல்வார்கள். வீட்டிலும் சபையிலும் எல்லாரும் "துதியுங்க, விசுவாசமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வலியோடு இப்போது குற்ற உணர்வும் சேர்ந்திருக்கும்.

இவர்களுக்கான ஜெபம் வேதத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வேதத்தின் ஜெபப் பாடல்களான 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். ஆனால் வாக்குத்தத்த அட்டையில் அவற்றின் கடைசி வரிகளைத்தான் அச்சடிக்கிறோம். 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேள்வி வருகிறது. 3, 4 விண்ணப்பம். ஐந்தாம் வசனத்தில்தான் "நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற சொல்லே வருகிறது.

பத்து நிமிடம் போதும். வாய்விட்டு வாசியுங்கள், வார்டு என்றால் உதடு அசைந்தால் போதும். இரண்டாம் வசனம் முடிந்ததும் நிறுத்தி, உங்களுடைய "எதுவரைக்கும்" நான்கைச் சொல்லுங்கள். "எதுவரைக்கும் இந்த மெஷின்ல படுத்துக் கிடப்பேன்?" "எதுவரைக்கும் தம்பிகிட்டயே பணம் கேட்பேன்?" கர்த்தர் அதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை, அவருடைய ஜனம் பாடுவதற்கென்றே கொடுத்த வார்த்தை அது. நான்காம் வசனத்துக்குப் பிறகு இன்றைக்கு வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். பூரண சுகம் கேட்பது தவறில்லை, அதையும் கேளுங்கள். கூடவே இன்று ராத்திரி நாலு மணி நேரத் தூக்கத்தையும் கேளுங்கள். ஐந்தாம் வசனம் வாயில் வரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர் வாசிக்கட்டும். யாரும் இல்லையா, அங்கேயே மூடிவிட்டு நாளைக்குத் தொடருங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சத்துக்குத் திரும்புவதேயில்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

பலர் தவறுவது நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவுவதில். சொல்லாமல் அமுக்கின துக்கம் கஞ்சி கொண்டுவருகிற மனைவிமேல் கோபமாய்ப் பாயும்; இல்லை என்றால் "நான் செஞ்ச பாவம்தான்" என்று உள்ளே திரும்பும். பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷருக்கு, அவனுமல்ல, அவனைப் பெற்றவர்களுமல்ல என்றுதான் இயேசு பதில் சொன்னார்.

ரோமர் 5-இல் வரும் "பொறுமை" என்ற சொல்லுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நாம் பொருள் எடுத்துக்கொள்கிறோம். மூலமொழியான கிரேக்கத்தில் அது சுமைக்குக் கீழே நிலைத்து நிற்பதைக் குறிக்கும் சொல். நிற்க வலு வேண்டும். சூரைச்செடியின்கீழ் "போதும்" என்று சாவைக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை; சுட்ட அடையும் தண்ணீரும் தந்து தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதனால் வலி மாத்திரையை வேளாவேளைக்குப் போடுவதும் விசுவாசத்துக்கு விரோதமல்ல. தூக்கம், பசி, எதிலும் நாட்டம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் இல்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகிற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கவேண்டாம். 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

ஜெபிக்கப் போகிறவர்களுக்கும் சில சொல்லவேண்டும். கதிர்வீச்சு எடுக்கும் இடத்தில் ஜெப எண்ணெய் பூசாதீர்கள்; தோல் ஏற்கெனவே புண்பட்டிருக்கும், மையால் போட்ட குறியும் அழிந்துபோகும். நெற்றியிலோ, தலைக்குக் கதிர்வீச்சு என்றால் கையிலோ தொட்டு வையுங்கள். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட (ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த) கையை அழுத்திப் பிடித்து ஜெபிக்கவேண்டாம். இன்சுலின் போடுகிறவரை உபவாசத்துக்கு அழைக்காதீர்கள்: சாப்பிடாமல் ஊசி போட்டால் சர்க்கரை இறங்கி நினைவு தப்பும், ஊசியை விட்டால் ஏறும். கீமோ எடுப்பவரிடம் சளி, காய்ச்சலோடு போகவே கூடாது. பதினைந்து நிமிடம், நாலு வசனம், மூன்று வாக்கியம் ஜெபம். "யாருக்கோ இதே வியாதி, சுகமாயிட்டாங்க" என்ற சாட்சியை அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லது செய்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை மூன்றிடத்திலும் இயேசுவின் சீஷரான தோமாவின் பெயரைச் சொல்லும் நகரம் இது. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் விசுவாசிக்கமாட்டேன் என்றவர் அவர். ஆனால் எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது தோமா அதே வீட்டுக்குள், மற்றவர்களோடு இருந்தார். யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. உயிர்த்தெழுந்தவர் கையிலும் ஆணித்தழும்பு அப்படியே இருந்தது. உங்கள் சபையில் இரண்டு ஞாயிறாய் வராத வீடு எது என்று பாருங்கள். புதன்கிழமைக்குள் ஒருவர் போங்கள், ஒரு டிபன் கேரியரில் ரசம் சாதத்தோடு.