தேனீ வராத பூவுக்குக் காற்றே துணை

தேனீ ஆர்க்கிட் படத்தோடு ஒரு சோகக் கதையும் இணையத்தில் சுற்றுகிறது. அந்தப் பூ எந்தத் தேனீயைப் போல இருக்கிறதோ அந்த இனமே அழிந்துவிட்டதாம், அதன் சாயலைப் பூ மட்டும் சுமந்துகொண்டிருக்கிறதாம். இது உண்மையா, அந்தச் செடியை வளர்க்க முடியுமா என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

உண்மை இல்லை. ஓஃப்ரிஸ் ஏபிஃபெரா என்ற இந்த ஆர்க்கிட்டை நாடி வருபவை யூசெரா வகை நீள்கொம்புத் தேனீக்கள். மத்தியதரைக்கடல் பகுதியில் அவை இன்றும் பறக்கின்றன. பூவின் உதட்டிதழ் பெண் தேனீயைப் போலப் பழுப்பாய், மயிர் அடர்ந்து இருக்கும். வாசனையும் பெண் தேனீயைப் போலவே. தேன் ஒரு துளிகூடக் கிடையாது. ஏமாந்து புணர வரும் ஆண் தேனீயின் தலையில் இரண்டு மகரந்தப் பொதிகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவிலும் அது ஏமாந்தால் மகரந்தச் சேர்க்கை முடிந்தது.

இவ்வளவு வேலைப்பாடு செய்துவிட்டு, பிரிட்டன் போன்ற வடபகுதிகளில் இந்தச் செடி தேனீக்காகக் காத்திருப்பதே இல்லை. இதன் உறவுச் செடிகளில் மகரந்தப் பொதியின் காம்பு விறைப்பாக இருக்கும். இதிலோ நீளமாய், மெலிந்து, நூல்போலத் துவளும். பூ விரிந்ததும் மகரந்தப் பை திறக்கும். மஞ்சள் பொதிகள் தம் எடையாலேயே நழுவி வெளியே விழும். காம்பின் அடியிலுள்ள பசை வட்டு மட்டும் தன் இடத்தை விடாது. இப்போது இரண்டு பொதிகளும் தூக்கணம்போல, நேராகச் சூலகமுடிக்கு முன்னால் தொங்குகின்றன. மெல்லிய காற்று அடித்தால் போதும், ஊசலாடிப்போய் அந்த ஈரப்பசையில் ஒட்டிக்கொள்ளும்.

டார்வின் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பூந்தண்டைத் தண்ணீரில் வைத்து அறைக்குள் நிறுத்தினார். ஒரு செடியை வெளியில் வலையால் மூடினார். இரண்டிலும் பூச்சி வர வழியில்லை. அறைக்குள் காற்றில்லை, பொதிகள் சும்மா தொங்கின. வலைக்குள் காற்று புகுந்தது. பொதிகள் சூலகமுடியில் போய் ஒட்டின. பூச்சியை அழைக்கும் அலங்காரமும் தன்மகரந்தச் சேர்க்கையும் ஒரே பூவில் எப்படி என்ற புதிர் அவரை விடவில்லை. 1862-ல் வெளிவந்த ஆர்க்கிட் நூலிலேயே அதை எழுதினார்.

இனி வளர்ப்பு. இணையத்தில் விற்கும் விதை பாக்கெட்டை வாங்காதீர்கள். விதை தூசியளவுதான், உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணில் ஏற்ற பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1899-ல் பிரான்ஸ் தாவரவியலாளர் நொயெல் பெர்னார், ஆர்க்கிட் நாற்றுகளில் பூஞ்சை குடியிருப்பதைக் கவனித்ததிலிருந்துதான் இது தெரியவந்தது. விதையிலிருந்து பூ வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், நர்சரியில் ஆய்வக முறையில் வளர்த்த கிழங்கை வாங்குவதே வழி. காட்டில் தோண்டாதீர்கள். ஆர்க்கிட் கிழங்கு ஆண்மை தரும் என்ற மூடநம்பிக்கை ஏற்கெனவே போதுமான சேதம் செய்துவிட்டது.

கிழங்கு உறங்கும் ஜூலை, ஆகஸ்டில் நடுங்கள். இரண்டு பங்கு பெர்லைட் அல்லது பியூமிஸ் (எடை குறைந்த எரிமலைக் கல் வகைகள்), ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு சலித்த தோட்டமண், ஒரு பங்கு பாதி மக்கிய இலை. ஐந்து லிட்டர் கலவைக்கு ஒரு கைப்பிடி சுண்ணாம்புக்கல் பொடி. கார மண்ணுக்குப் பழகிய செடி இது. சதுப்பு நிலத்தில் மக்கிய, அமிலத்தன்மையுள்ள பீட் ஆகாது. முளை மேல்நோக்கி இருக்க, 3-4 செ.மீ. ஆழம் போதும்.

செப்டம்பரில் லேசாக நீர் விடத் தொடங்குங்கள். இலைகள் தரையோடு ரோஜா இதழ் அடுக்குப்போல விரிந்து, குளிர்காலம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும். நீரை ஓரமாக ஊற்றுங்கள். இலையடுக்கின் நடுவில் தேங்கிய நீரும் அசையாத காற்றும் சேர்ந்தால் கருத்து அழுகும்; பல செடிகள் இப்படித்தான் சாகின்றன. மூடிய கண்ணாடிக் கூண்டைவிட, உறைபனி தாக்காத, காற்றோட்டமுள்ள இடமே நல்லது. உரம் வேண்டாம். வசந்தத்தில் தண்டு எழும்போது மண் வறண்டால் மொட்டு கருகும். சென்னை, மதுரை வெயிலில் முயல வேண்டாம். குளிர்காலக் குளிர் இல்லாமல் இதன் காலக்கணக்கு குழம்பிவிடும்.

பூ முடிந்ததும் இலையெல்லாம் காய்ந்து தொட்டி வெறுமையாகிவிடும். செத்துவிட்டது என்று கொட்டிவிடுபவர்களும் உண்டு, பிழைக்க வைக்கிறேன் என்று நீர் ஊற்றி அழுக வைப்பவர்களும் உண்டு. மண்ணை மெதுவாகக் கிளறினால் சுருங்கிப்போன பழைய கிழங்கும் அதன் பக்கத்திலேயே கெட்டியான புதுக் கிழங்கும் இருக்கும். புதியதை எடுத்துப் புதுக் கலவையில் வைத்து, செப்டம்பர் வரை நிழலில், ஏறக்குறைய வறட்சியாக விட்டுவிடுங்கள்.