மெகாவாட் கணக்கு சரி, மணிக்கணக்கு?

ஆலைகளில் எரிசக்தித் தணிக்கை செய்வது என் தொழில். சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் எந்த சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போனாலும் “கரண்ட் பில் எப்படிங்க குறையும்?” என்பார்கள். “எந்த நேரத்து கரண்ட்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். நாட்டின் எரிசக்தித் திட்டத்தைப் பார்த்தாலும் எனக்கு அதே கேள்விதான் வருகிறது.

2030-க்குள் மின் நிறுவுதிறனில், அதாவது மின்நிலையங்கள் அதிகபட்சமாகத் தரக்கூடிய மெகாவாட்டில், பாதி நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராததாக இருக்கும் என்று இந்தியா உலகுக்கு வாக்குக் கொடுத்தது. 2025-லேயே அதை எட்டிவிட்டோம். நல்ல செய்திதான். ஆனால் நிறுவுதிறன் வேறு, கம்பியில் வரும் யூனிட் வேறு. அந்த யூனிட்டில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. வீடுகளில் விளக்கும் ஏசியும் சேர்ந்து ஓடும் நேரத்தில் சூரிய மின்சாரம் அடங்கியிருக்கும். மேட்டூர் அணையைத் திறப்பது பாசனத்துக்கு, மாலை ஏழு மணித் தேவைக்கு அல்ல. ஆக, 1,440 மெகாவாட் மேட்டூர் அனல்மின் நிலையம் போன்றவைதான் கைகொடுக்கின்றன. அந்தக் கொதிகலன்களை மதியம் அணைத்துவிட்டு மாலையில் சட்டென்று ஏற்றவும் முடியாது.

பேட்டரியும், மிஞ்சும் கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று மின்நிலையமும் வேண்டும்தான். அவை வரும்வரை, தேவையை வெயில் நேரத்துக்கு நகர்த்துவதே மலிவான வழி. தமிழ்நாட்டில் ஆலைகள் வாங்கும் உயரழுத்த இணைப்புகளுக்கு உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் (2022 முதல் 25%), இரவில் 5% தள்ளுபடி என்பது பல ஆண்டுப் பழக்கம். இரவில் மின்சாரம் மிஞ்சிய காலத்துக் கணக்கு அது. இப்போது மிஞ்சுவது மதியத்தில். வெயில் நேரக் கட்டணம் குறைய வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் விதியைத் திருத்தியது. ஆனால் இலவச யூனிட் வாங்கும் விசைத்தறிக்காரர் நேரம் பார்த்து ஓட்ட என்ன காரணம் இருக்கிறது? சலுகையில் கை வைக்கச் சொல்லவில்லை, அது வயிற்றுப்பாடு. பகலில் ஓட்டினால் இன்னும் கொஞ்சம் யூனிட் கூட்டிக் கொடுக்கலாமே என்கிறேன்.

சேகோ ஆலைக்கு இன்னொரு வழியும் கையிலேயே இருக்கிறது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைத்த கழிவுநீர் திறந்த குட்டையில் கிடந்தால் மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். குட்டையை மூடி எரிவாயு எடுக்கும் ஆலைகள் இங்கே பல உண்டு. ஆனால் வாயு வரவர எரித்துவிடுகிறவர்களிடம் நான் சொல்வது: பகல் வாயுவை பலூனில் பிடித்து வைத்து, மாலை உச்ச நேரத்தில் ஜெனரேட்டர் ஓட்டுங்கள். பில்லும் இறங்கும், அந்த நேரத்து நிலக்கரியும் மிச்சமாகும். (சீசன் இல்லாத மாதங்களில் இது உதவாது.)

உயரழுத்த இணைப்பு வைத்திருப்பவர்கள் பில்லில் உச்ச நேர யூனிட் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். மோட்டாரை மாற்றுவது, கூரையில் பேனல் போடுவது எல்லாம் அதற்கு அப்புறம் பேசலாம்.