ரகசியம் என்று சொன்னால் வழக்கு முடிந்துவிடுமா?

காவலில் சித்திரவதைக்கு ஆளானவரின் குடும்பத்தார் என்னிடம் முதலில் கேட்பது அநேகமாக இதைத்தான்: "ஆதாரம் எல்லாம் அவங்க கையிலதானே சார் இருக்கு, நாம எப்படி நிரூபிக்கிறது?" ஒரு காவல் நிலையத்தை எதிர்க்கவே இவ்வளவு தயக்கம். காலித் எல்-மஸ்ரி எதிர்த்ததோ அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவை. இளம் வழக்கறிஞர்களுக்கு அவர் வழக்கை நான் விடாமல் சொல்லி வருகிறேன்.

லெபனான் வம்சாவளியைச் சேர்ந்த ஜெர்மன் குடிமகன் அவர். 2003 டிசம்பர் 31 அன்று மாசிடோனிய (இன்றைய வடக்கு மாசிடோனியா) எல்லையில் பிடிக்கப்பட்டார். தேடப்பட்டுவந்த ஒருவரின் பெயரும் இவர் பெயரும் ஒத்திருந்ததே காரணம். ஸ்கோப்யே நகரில் ஒரு ஓட்டல் அறையில் 23 நாள் அடைத்து வைத்தார்கள். பிறகு விமான நிலையத்தில் சிஐஏ குழுவிடம் ஒப்படைத்தார்கள். அங்கேயே அடி, பாலியல் வன்கொடுமை, முகமூடி, விலங்கு. அடுத்து காபூல் அருகே ரகசியச் சிறை, நான்கு மாதத்துக்கும் மேல். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்த பிறகும் உடனே விடவில்லை. 2004 மே இறுதியில் அல்பேனியாவில் ஒரு சாலையோரம் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அமெரிக்காவில் அவர் தொடுத்த வழக்கில் அந்நாட்டு அரசு "அரச ரகசியம்" என்றது. எல்-மஸ்ரியின் வழக்கறிஞர்கள் பார்க்கவே முடியாத ஒரு பிரமாணப் பத்திரத்தை நீதிபதிகளிடம் மட்டும் கொடுத்தது. வழக்கு 2006இல் தள்ளுபடியானது; 2007இல் உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது. நமக்குப் பழக்கமான சீலிட்ட உறைதான் இது. அந்த முறை இயற்கை நீதிக்கு முரணானது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023இல் மீடியா ஒன் என்ற மலையாளத் தொலைக்காட்சியின் வழக்கில் சொன்னது. எதிராளியிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வாதாடச் சொல்வது விசாரணையே அல்ல.

வாஷிங்டனின் கதவு மூடியதும், அவரைப் பிடித்துக் கொடுத்த நாட்டின் மீது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். மாசிடோனிய அரசு, அவர் ஓட்டலில் தங்கிவிட்டுத் தானாகவே கொசோவோவுக்குப் போய்விட்டார் என்று சாதித்தது. அதை உடைத்தவை சின்னச் சின்னச் சான்றுகள். அவர் சொன்ன நாளோடு பொருந்திய விமானப் பயணப் பதிவுகள். ஜெர்மனியில் அவருடைய தலைமுடியில் செய்த ஆய்வு: பட்டினி கிடந்திருக்கிறார், தெற்காசியப் பகுதியில் இருந்திருக்கிறார் என்ற அவர் கூற்றோடு அது ஒத்துப்போனது. கடைசியாக, அமெரிக்கா கேட்டுத்தான் பிடித்து வைத்தோம் என்று அன்றைய உள்துறை அமைச்சர் ஹரி கோஸ்தோவே 2010இல் எழுத்தில் கொடுத்த வாக்குமூலம்.

இவ்வளவும் ஒத்துப்போகும்போது விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுக்கு மாறுகிறது என்றது நீதிமன்றம். 2012 டிசம்பர் 13 அன்று 17 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: விமான நிலையத்தில் நடந்தது சித்திரவதை, அதற்கும் காபூல் சிறைக்கும் மாசிடோனியா பொறுப்பு. 60,000 யூரோ இழப்பீடு. நடந்த உண்மையை அறிவது அவருக்கு மட்டுமல்ல, பொதுமக்களுக்கும் உள்ள உரிமை என்றும் சொன்னார்கள். 2018இல் மாசிடோனிய அரசு அவரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. ரகசியச் சிறைக்கு இடம் கொடுத்த போலந்து, ருமேனியா, லித்துவேனியா நாடுகளுக்கு எதிராகவும் பின்னர் தீர்ப்புகள் வந்தன. இன்னொரு நாட்டுக்காக ஆள் பிடித்துக் கொடுக்கும் அதிகாரி இப்போது இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கூட்டாளிக்குத்தான் தண்டனை. முதன்மைக் குற்றவாளி தப்பித்தாயிற்று. 2007இல் ஜெர்மனியின் மியூனிக்கில், இந்தக் கடத்தலில் ஈடுபட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட சிஐஏ ஆட்கள் 13 பேருக்குப் பிடிவாரண்ட் பிறப்பிக்கப்பட்டது. அவர்களை ஒப்படைக்கும்படி ஜெர்மன் அரசு அமெரிக்காவை வற்புறுத்தவில்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நட்பு நாடு என்பதற்காகத் தன் குடிமகனையே கைவிட்டது அந்த அரசு.

என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது நாள், நேரம், வண்டி எண், மருத்துவச் சீட்டு. இன்றைக்கு எந்த நீதிமன்றமும் வாங்க மறுத்தாலும், அவற்றைத் தேதி போட்டு, நகலெடுத்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். எல்-மஸ்ரிக்குத் தீர்ப்பு வர எட்டாண்டுகளுக்கு மேல் ஆனது.