ஃபோர் வீல் வண்டி வாங்கும் முன் கதவைத் திறந்து பாருங்கள்

பனி விழத் தொடங்கும் வாரத்தில் எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்படும் வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குக் குறைவே இருக்காது. போன பனிக்காலத்தில் ஒருவர் வந்தார். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத பிக்கப்பின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. "ஃபோர் வீல் போட்டுத்தானே அண்ணே வந்தேன், அப்புறம் எப்படிச் சறுக்கும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தேன். கோடை டயர். அந்தக் குளிரில் கட்டை மாதிரி இருந்தது.

நாலு சக்கரத்துக்கும் விசை போனால் வண்டி கிளம்பும், மேடு ஏறும், சேற்றிலிருந்து வெளியே வரும். நிறுத்துவதற்கு அது உதவாது. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த தார் ரோட்டில் பிரேக் அடித்தால் சுமார் 14 மீட்டரில் வண்டி நிற்கும். உறைந்த ரோட்டில், உராய்வு 0.1 என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 100 மீட்டர் ஓடும். கால் பிரேக்குக்குப் போகும் நேரம் இதில் சேரவில்லை. எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. இன்னொரு வம்பும் உண்டு. இரு சக்கர இயக்கமுள்ள வண்டி கிளம்பும்போதே சக்கரம் வெறுமனே சுற்றி, 'ரோடு சரியில்லை' என்று சொல்லிவிடும். ஃபோர் வீல் வண்டி சத்தமில்லாமல் வேகம் பிடித்துவிடும். முதல் வளைவில்தான் உண்மை தெரியும்.

அதனால் டயருக்கான பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில் வண்டி தேடுங்கள். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறையத் தொடங்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்பூ அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை. வெறும் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துக்கு அப்படிச் சோதனை தேவையில்லை. ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து, பனிக்கால டயர் என்று கணக்கில் வர மலை முத்திரை இருந்தே ஆக வேண்டும். டயர் வரிகளின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும் என்கிறது பல நாடுகளில் சட்டம். பனிக்கு 4 மில்லிமீட்டருக்குக் கீழ் போன டயரை நான் மாட்டித் தர மாட்டேன். மாற்றினால் நாலையும் மாற்றுங்கள். ஆல் வீல் டிரைவ் வண்டியில், அதாவது நாலு சக்கரத்துக்கும் விசையைத் தானாகவே பங்கிடும் வண்டியில், இரண்டு புதுசு, இரண்டு தேய்ந்தது என்று மாட்டினால் சுற்றளவு மாறும். முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றி, நடுவில் இருக்கும் கிளட்ச் சூடேறிக் கெட்டுப்போகும்.

சரி, பாரத்துக்கு வருவோம். அந்த பிக்கப்காரருடைய வேலை சின்ன டிராக்டரை டிரெய்லரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவது. "3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறானே, என் டிரெய்லர் எல்லாம் சேர்த்து 2,500 கிலோதானே" என்றார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். ஆட்களும் சரக்கும் சேர்த்து 690 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அதில் இருந்தது. இழுக்கும் டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரத்தில் நிற்காது, ஒரு பங்கு கொக்கியில் அமுக்கும். அவர் மாட்டியிருந்த மாதிரி டிரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 12 என்று வைத்தால் 300 கிலோ. வேலையாட்களோடு நாலு பேர், ஆளுக்கு 80 கிலோ, ஆக 320. பின் தட்டில் கருவிப் பெட்டி, சங்கிலி, டீசல் கேன் என்று ஒரு 120. மொத்தம் 740. இழுக்கும் வரம்புக்கு 1,000 கிலோ கீழே இருந்தும், சுமக்கும் வரம்பை 50 கிலோ தாண்டிவிட்டார். அவர் ஸ்டிக்கரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொக்கிப் பாரத்தைக் குறைக்கிறேன் என்று சரக்கைப் பின்னால் தள்ளி ஏற்றுவார்கள். அது இன்னும் மோசம். டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி வண்டியையே புரட்டிவிடும். ஐரோப்பிய வண்டிகளில் கொக்கி வரம்பு வேறு, கையேட்டில் இருக்கும். சில நாடுகளில் ஸ்டிக்கரில் மொத்த அனுமதி எடை மட்டுமே இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையை நீங்கள்தான் கழிக்க வேண்டும். விளம்பரத்தில் குதிரைத் திறன் பெரிதாக இருக்கும். பாரம் இழுக்கிறவருக்கு அதைவிட முக்கியம், குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் முறுக்குவிசை, சேஸிஸ், டிரெய்லருக்குத் தனி பிரேக்.

எந்த வகை ஃபோர் வீல் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குமிழில் 2எச் (இரு சக்கர இயக்கம்), 4எச் (நாலு சக்கரம், சாதாரண வேகம்), 4எல் (நாலு சக்கரம், மெதுவான வேகம், அதிக இழுவிசை) என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பார்ட் டைம் வகை, தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கு மாற்றுவது. 4எச்சில் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும், பூட்டு அதற்கு இடம் கொடுக்காது. பனியில் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரி செய்துகொள்ளும். காய்ந்த ரோட்டில் அது முடியாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் வண்டி தவளை மாதிரி எகிறும், கியர் பெட்டிக்குள் முறுக்கு ஏறி 2எச்சுக்குத் திரும்பாது. கொஞ்சம் பின்னால் ஓட்டினால் விடும். பாதி ரோடு பனி, பாதி காய்ந்தது என்று ஓட்டுகிறவருக்கு முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் உள்ள ஃபுல் டைம் வகையோ தானாகச் சேரும் வகையோதான் ஒத்துவரும். பாரத்தோடு சறுக்கு மேட்டில் மெதுவாக ஏறி இறங்கும் வேலை இருந்தால் 4எல் வேண்டும். அது இல்லாத ஆல் வீல் காரை நான் அந்த வேலைக்குச் சொல்ல மாட்டேன்.

காலி பிக்கப்பின் பின்பக்கம் இறகு மாதிரி. பனியில் முதலில் வால்தான் ஓடும். பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டைகளை நகராமல் கட்டி வைக்கலாம். அந்த எடையும் ஸ்டிக்கர் கணக்கில்தான் சேரும்.

பேட்டரியைப் பனிக்கு முன்பே சோதித்துவிடுங்கள், குளிரில் அதன் சக்தி நன்றாகக் குறையும். டீசல் வண்டி என்றால் குளிரில் உறையாத குளிர்கால டீசல் போடுங்கள். டயர் காற்று, வெப்பம் 5, 6 டிகிரி இறங்கும்போதெல்லாம் ஒரு பிஎஸ்ஐ இறங்கும்.

அந்த பிக்கப் தேறவில்லை. சுமை வரம்பு கூடின பழைய வண்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, சோதித்துச் சொல்ல என்னைக் கூட்டிப்போனார். பெயிண்ட் பளபளப்பு. நான் அட்டையை விரித்துக் கீழே படுத்தேன். ரோட்டில் உப்புப் போடும் ஊர் வண்டி என்றால் பின் சக்கரத்துக்கு மேலே வளையும் சேஸிஸும் பிரேக் குழாயும்தான் முதலில் அரிக்கும். கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினேன். முன்னால் கணீர் என்றது, வளைவில் தகர டப்பா மாதிரிக் கேட்டது. முனையால் குத்தினேன், பாதி உள்ளே போனது. எழுந்து வந்து ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்து, நீங்களே ஒருமுறை குத்திப் பாருங்கள் என்றேன்.