உணவு முறையா, உணவுக் கட்டமைப்பா?

“ஐயா, எனக்கு டாக்டர் ஏற்கெனவே ஒரு உணவு முறை எழுதிக் கொடுத்திருக்காரு. அதை விட்டுட்டு இனிமே இதைத்தான் சாப்பிடணுமா?”

கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் எழுந்து இப்படிக் கேட்டார். அவர் கையிலிருந்த துண்டறிக்கையின் தலைப்பு, ‘கிராமப்புறச் சமூகங்களில் நிலையான உள்ளூர் உணவு முறையை உருவாக்குதல்’. பேச வந்தவர் விதை, கிடங்கு, சந்தை என்று குறிப்பெடுத்து வந்திருந்தார். கேட்க வந்தவர்கள், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன சாப்பிடலாம் என்று சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தார்கள். அந்த அம்மா கேட்டதில் ஒரு தவறும் இல்லை. தமிழில் அந்தத் தலைப்புக்கு அதுதான் பொருள்.

ஆங்கிலத்தின் ‘ஃபுட் சிஸ்டம்’ என்பதைத் தமிழில் ‘உணவு முறை’ என்று எழுதுவதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். 2021-ல் ஐ.நா. இதே பெயரில் ஓர் உச்சி மாநாடு நடத்திய பிறகு அது இன்னும் பெருகிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூலச் சொல். ‘சிஸ்டம்’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘சேர்ந்து’ என்பதும் ‘நிறுத்து’ என்பதும் கூடிய சொல். பல பொருள்களைச் சேர்த்து நிறுத்தியது என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு உணவு சேரும்போது என்ன பொருள்? விதை, மண், நீர், உழைப்பவர், அறுவடை, கிடங்கு, ஆலை, வண்டி, சந்தை, அடுப்பு, தட்டு, மிஞ்சியது, அது மறுபடி எருவாக மண்ணுக்குப் போவது, இவை அத்தனையும். இவற்றுக்கு இடையே ஓடும் பணமும் சட்டமும்கூட. ஒன்றைத் தொட்டால் மற்றவை அசையும் என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர்.

இப்போது ‘முறை’க்கு வருவோம். ஒழுங்கு, விதம், தடவை, உறவு என்று பல பொருளில் வழங்கும் நல்ல தமிழ்ச்சொல் அது. ‘உணவு’க்குப் பின்னால் வந்தால் மட்டும் ஒரே பொருள்தான்: ஒருவர் என்ன சாப்பிடுகிறார், எப்போது, எவ்வளவு. மருத்துவர் எழுதித் தருவது உணவு முறை. உடல் எடை குறைய மாற்றிக்கொள்வதும் உணவு முறை. இந்தப் பொருள் மக்கள் வாயில் ஊறிப்போனது. ஊறிப்போன சொல்லைப் பிடுங்கி வேறு பொருளை ஏற்றினால், படிப்பவர் பழைய பொருளில்தான் படிப்பார்.

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள்: “கல்வி முறை, ஆட்சி முறை, தேர்தல் முறை என்கிறோமே, அங்கெல்லாம் முறை சிஸ்டம்தானே?” நியாயமான கேள்வி. நானும் நீண்ட நாள் யோசித்தேன். கல்வி, ஆட்சி, தேர்தல் மூன்றும் பலர் கூடி நடத்தும் செயல்கள். செயலுக்குப் பின்னால் ‘முறை’ வந்தால் அது நடக்கும் ஒழுங்கைக் குறிக்கும். உணவு என்பது பொருள், உண்ணப்படுவது. அதன் பின்னால் ‘முறை’ வந்ததும் மனம் நேரே உண்ணும் விதத்துக்குப் போய்விடுகிறது. தேர்தல் முறை என்று கேட்டால் யாரும் தன் ஒரு ஓட்டை மட்டும் நினைப்பதில்லை. உணவு முறை என்று கேட்டால் எல்லோரும் தன் தட்டைத்தான் நினைக்கிறார்கள்.

தட்டை மட்டும் நினைப்பதில் என்ன கெட்டுப்போகிறது? பார்வை கெட்டுப்போகிறது. அறுவடைக்குப் பிறகு சில்லறைக் கடைக்கு வந்து சேருவதற்குள் உலகில் உணவில் ஏறத்தாழ 14 விழுக்காடு வீணாவதாக ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2019-ல் கணக்கிட்டது. அந்த இழப்பு எந்தத் தட்டிலும் தெரியாது. களத்தில் ஒருவர் தானியத்தைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது, மூட்டை கட்டலாம். பல்லுக்குள் நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே கட்டி அடுக்கினால் மூட்டைக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். உலர்த்தக் களம் இல்லாத ஊரில், கிடங்கில் தரையிலிருந்து ஈரம் ஏறாமல் அடியில் போட ஒரு பலகை இல்லாத ஊரில், எவ்வளவு விளைந்தாலும் பாதி வருடத்தில் வெளியே வாங்கத்தான் வேண்டும். இந்தக் களமும் பலகையும் ஃபுட் சிஸ்டத்தில் உண்டு. ‘உணவு முறை’யில் அவற்றுக்கு இடமே இல்லை.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘உணவு அமைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அமைப்பு என்றால் இன்றைய தமிழில் சங்கம், நிறுவனம். மேலே சொன்ன உணவு, வேளாண்மை அமைப்பே அதற்குச் சான்று. ‘உள்ளூர் உணவு அமைப்பு’ என்று கேட்டால் தலைவர் யார், செயலாளர் யார் என்றுதான் கேட்கத் தோன்றும். ‘உணவு மண்டலம்’ என்பதும் கண்ணில் பட்டது. நரம்பு மண்டலம், செரிமான மண்டலம் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் அதை வயிற்றுக்குள் தேடுவார்கள். மண்டலம் வடசொல் என்பதால் நான் தள்ளவில்லை, பொருள் மயங்குவதால் தள்ளுகிறேன். ‘உணவுச் சங்கிலி’, ‘உணவு வலை’ இரண்டையும் உயிரியல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. புல்லை மான் தின்ன, மானைப் புலி தின்பது அது. இலங்கையில் வழங்கும் ‘முறைமை’ கொஞ்சம் தேவலாம். ஆனால் வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு அது முறைக்கும் முறைமைக்கும் வித்தியாசம் காட்டுவதில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் சிஸ்டத்துக்கு ‘ஒருங்கியம்’ என்று தருகிறார்கள். சொல்லாக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் கூட்டத்தில் அந்த அம்மாவுக்கு முன்னால் அதைச் சொன்னால், சொல்லை விளக்கவே கால் மணி நேரம் போகும். புதுச்சொல் தேவைப்படும் இடம் உண்டு. தெரிந்த சொற்களைச் சேர்த்தாலே வேலை நடக்கும் இடத்தில் அது வேண்டாம் என்பது என் கட்சி.

நான் எடுத்துக்கொள்வது ‘உணவுக் கட்டமைப்பு’. கட்டி அமைத்தது, ஒன்றோடு ஒன்று பிணைந்து நிற்பது. கிரேக்கச் சொல்லின் பொருளுக்கும் இதுதான் பக்கத்தில் நிற்கிறது. ‘உள்கட்டமைப்பு’ என்பதால் சிமெண்டும் கம்பியும் நினைவுக்கு வரும் என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். கிடங்கும் சாலையும் இதில் பாதி என்பதால் அந்த நினைவு வந்தாலும் பாதகமில்லை. உணவைத் தனியே பிரிக்காமல் பார்ப்பது தமிழுக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளை எண்ணும்போது ‘உணா’ என்ற பழைய வடிவத்தில் உணவைச் சொல்கிறது. தெய்வம், விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறது. உணவை அந்த நிலத்தின் தொழிலோடும் மரத்தோடும் சேர்த்து எண்ணியவர்களின் மொழியில் அதைத் தட்டுக்குள் அடைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தலைப்பின் அடுத்த சிக்கல் ‘நிலையான’. ஆங்கிலத்தின் ‘சஸ்டெய்னபிள்’ என்பதற்கு வைத்த சொல் அது. ‘சஸ்டெய்ன்’ லத்தீனில் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது. இந்தக் கருத்தைக் காட்டு வளத்துக்குப் பொருத்தி எழுதியவர் ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த கார்லோவிட்ஸ். சுரங்கத்துக்கும் உலைக்கும் வெட்டி வெட்டி மரம் தீர்ந்துவந்த காலம். வளரும் அளவுக்கு மேல் வெட்டாதே என்றார், 1713-ல். 1987-ல் ஐ.நா. அமைத்த புருன்ட்லாந்து ஆணையம் அதையே விரித்து, வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் கைவைக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்றது. இதில் எங்கே ‘நிலை’ வருகிறது? நிலையான கட்டணம், நிலையான வைப்பு என்றால் மாறாதது. மழை தப்பினால் பயிரை மாற்றவும், சந்தை சரிந்தால் வேறு வழி பார்க்கவும் தெரிந்த ஊர்தான் தாக்குப்பிடிக்கும். மாறத் தெரிவதுதான் இங்கே பலம். அதை ‘நிலையான’ என்பது தலைகீழ். ‘நீடித்த’ இறந்தகாலம், நீடித்த நோய் என்பது போல ஒலிக்கிறது. ‘பேண்தகு’ என்றால் பேணத் தகுந்தது, யாரோ வெளியிலிருந்து பேண வேண்டும் என்றாகிவிடும். ‘வளங்குன்றா’ என்பதே சரி. வளம் குன்றியதா, குன்றவில்லையா என்ற சோதனை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மண்ணைப் பார்க்கலாம், கிணற்றைப் பார்க்கலாம், விதைப்பானையைப் பார்க்கலாம். பேச்சில் ‘வளம் குறையாத’ என்றால் போதும்.

‘உள்ளூர்’ பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2008-ல் வந்த பண்ணைச் சட்டம், விளைந்த இடத்திலிருந்து 400 மைலுக்குள் அல்லது அதே மாநிலத்துக்குள் விற்கப்படுவதை ‘லோக்கல்’ என்றது. ஏறத்தாழ 640 கிலோமீட்டர். அதை உள்ளூர் என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். இப்படிச் சட்டம் தரும் தூரத்தை மொழிபெயர்ப்பவர்கள் அதை அப்படியே விளக்கி எழுதட்டும். நம் தலைப்பில், பத்து ஊரும் ஒரு சந்தையும் சேர்ந்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும் என்பதால் ‘வட்டாரம்’ பொருந்துகிறது. அப்புறம் ‘சமூகங்கள்’. ‘கிராமப்புறச் சமூகங்கள்’ என்று பன்மையில் எழுதினால் நம் காதில் சாதி விழுகிறது. எந்தச் சமூகம் என்று ஒருவர் மனசுக்குள்ளேயே கேட்டுக்கொள்வார். பொதுக் கிடங்கு பற்றிப் பேச வந்த இடத்தில் அந்தக் கேள்வியை எழுப்பிவிடுவது பெரிய கேடு. ‘ஊர் மக்கள்’ என்று எழுதக் கைக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்குள்ள மனக்குறை இதுதான். அகராதியில் சிஸ்டத்துக்கு நேரே முதலில் கிடக்கும் சொல்லை எடுத்து உணவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் தமிழில் ஏற்கெனவே வேறு ஏதாவது ஆகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதில்லை. உணவு எல்லோருக்கும் கிடைப்பதும் உணவு நஞ்சாகாமல் இருப்பதும் இரண்டுமே ‘உணவுப் பாதுகாப்பு’ ஆனது இப்படித்தான். பசியைப் பற்றிய அறிக்கை எது, கலப்படத்தைப் பற்றிய அறிக்கை எது என்று பத்தி பத்தியாகப் படித்த பிறகே தெரிகிறது. முதலாவதை ‘உணவு உறுதிப்பாடு’ என்றும் இரண்டாவதை ‘உணவுத் தூய்மை’ என்றும் பிரித்தால் நாளைக்கே குழப்பம் தீரும்.

அந்தத் துண்டறிக்கையை அன்று மாலையே திருத்திக் கொடுத்தேன். தலைப்பு இப்படி ஆனது: ‘நம் வட்டாரத்தில் வளங்குன்றா உணவுக் கட்டமைப்பு: ஊர் மக்கள் செய்யக்கூடியவை’. அடுத்த கூட்டத்துக்கும் அந்த அம்மா வந்திருந்தார். தலைப்பை விரல் வைத்துப் படித்துவிட்டு, “கட்டமைப்புன்னா நெல்லு காயப்போடுற களமும் இதுல வருமா?” என்று கேட்டார். வரும் என்றேன். “அப்போ முதல்ல அதைப் பேசுங்க” என்று முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்.